புகார் வந்திருக்கிறது, காடியை நிறுத்து!

(கிள்ளானில் ஒரு ஞாயிறு மாலை குடியிருப்பாளர்களுக்காக நடந்த சட்ட விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரை. வர இயலாத வாசகர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் தருகிறோம்.)



முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வழக்கறிஞன் அல்லன். வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தாவாகப் பல ஆண்டுகள் கோப்பு தூக்கியவன். பாலாய்க்கும் நீதிமன்றத்துக்கும் நம் பெற்றோர்களோடு அலைந்ததில் கற்றுக்கொண்டதைத்தான் சொல்லப்போகிறேன். உங்கள் வீட்டில் ஒரு வழக்கு என்று வந்துவிட்டால் என் பேச்சை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள், வழக்கறிஞரிடம் போங்கள்.

என் அக்காள் மகன் கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் வேலை. ஒரு நாள் ஓய்வு. நண்பர்கள் மூன்று பேரோடு இன்னொரு நண்பனை ஏற்றிக்கொள்ள ஒரு தாமானுக்குப் போயிருக்கிறான். மணி பத்தே முக்கால். நண்பன் குளித்துக்கொண்டிருந்தான். இவர்கள் மரத்தடியில் காடியை நிறுத்திக் கால்மணி நேரம் காத்திருந்தார்கள். அவன் வந்து ஏறியதும் கிளம்பினார்கள். முச்சந்தியைத் தாண்டுவதற்குள் ரோந்துக் காடி குறுக்கே வந்து நின்றது.

"புகார் வந்திருக்கிறது, இறங்கு" என்றார்கள். பையன்கள் இறங்கினார்கள். ஐசி, லைசன் எல்லாம் காட்டினார்கள். பூட்டைத் திறக்கச் சொன்னார்கள், திறந்தார்கள். காலணியைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினார்கள். அரை மணி நேரம் சாலையோரத்தில் வரிசையாகக் குந்த வைத்தார்கள். என் மருமகன் மட்டும் மெதுவாகக் கேட்டிருக்கிறான், "என்ன புகார், துவான்?" என்று. அதற்குக் கிடைத்த பதில்: "இந்தியப் பையன்கள் சிலர் காடிக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று போன் வந்தது."

அவ்வளவுதான் புகார். காடியில் எதுவும் இல்லை. அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது என் அக்காள் என்ன சொன்னாள் தெரியுமா? "அடி விழவில்லையே தம்பி, விட்டுவிடு." என் அக்காளைக் குறை சொல்லவில்லை. போலீஸ் கையில் பிள்ளை போனால் திரும்புமா என்று பயந்து வாழும் தாய்மார்கள் நம்மில் எத்தனை பேர்! 2009 ஜனவரியில் குகன் என்ற இளைஞர், காடி திருட்டு விசாரணை என்று அழைத்துச் செல்லப்பட்டு, போலீஸ் காவலில் இறந்ததை இந்த மண்டபத்தில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அதனால்தான் அடி விழாததே நமக்கு வெற்றியாகத் தெரிகிறது. ஆனால் நான் அவளிடம் கேட்ட கேள்வி வேறு. புகார் வந்தால் போதுமா? யாரோ ஒருவர் போனைத் தூக்கி ஏதோ ஒன்றைச் சொன்னால், உன்னுடைய காடியை நிறுத்திப் பூட்டைத் திறக்கச் சட்டம் அனுமதிக்கிறதா?

பதில் ஆம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. ஏனென்றால் சாலையோரத்தில் நடப்பது ஒரே காரியம் அல்ல, மூன்று காரியங்கள். நிறுத்துவது ஒன்று. காடியைச் சோதிப்பது ஒன்று. உங்களைக் கைது செய்வது ஒன்று. ஒன்று செய்ய அதிகாரம் இருப்பதால் அடுத்ததும் தானாக வந்துவிடாது. நம் ஆட்கள் தடுமாறுவது இங்கேதான்.

நிறுத்துவதைப் பொறுத்தவரை வாதமே வேண்டாம். சீருடையில் இருக்கும் போலீஸ்காரர் கை காட்டினால் நிறுத்த வேண்டும். லைசன் பார்க்க அவருக்குப் புகார் எதுவும் தேவையில்லை. சாலைத் தடுப்பு என்றால் இன்னும் எளிது. 1967 போலீஸ் சட்டத்தின் 26ஆவது பிரிவின் கீழ், குற்றத்தைத் தடுக்கவோ கண்டுபிடிக்கவோ அவசியம் என்று கருதினால் சாலையில் தடுப்புப் போடலாம். அங்கே உங்கள் காடி மீது தனியாகச் சந்தேகம் இருக்க வேண்டும் என்பதில்லை, வரிசையில் வருகிற எல்லாரும் நிற்க வேண்டியதுதான்.

சோதனை என்று வரும்போது கதை மாறுகிறது. அதே சட்டத்தின் 24ஆவது பிரிவு, வாரண்டு இல்லாமல் ஒரு வாகனத்தை நிறுத்திச் சோதிக்க அனுமதி தருகிறது. ஆனால் எந்த வாகனத்தை? ஏதாவது ஒரு சட்டத்துக்கு எதிரான குற்றத்தைச் செய்யப் பயன்படுத்தப்படுகிறது என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருக்கிற வாகனத்தை. 'நியாயமான காரணம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். காரணம் இருக்க வேண்டும், அது நியாயமானதாக இருக்க வேண்டும், அது ஒரு குற்றத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும்.

கைது பற்றிச் சொல்வது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தொகுப்பின் 23ஆவது பிரிவு. வாரண்டு இன்றிக் கைது செய்யக்கூடிய குற்றத்தில் ஒருவர் சம்பந்தப்பட்டிருந்தாலோ, அப்படிச் சம்பந்தப்பட்டதாக அவர் மீது நியாயமான புகார் செய்யப்பட்டிருந்தாலோ, நம்பத்தகுந்த தகவல் கிடைத்திருந்தாலோ, நியாயமான சந்தேகம் இருந்தாலோ கைது செய்யலாம். கவனித்தீர்களா? பொதுமக்களின் புகாருக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் சட்டம் வெறும் 'புகார்' என்று எழுதவில்லை, 'நியாயமான புகார்' என்று எழுதியிருக்கிறது. வெறும் 'தகவல்' என்று எழுதவில்லை, 'நம்பத்தகுந்த தகவல்' என்று எழுதியிருக்கிறது. சட்டம் எழுதியவன் ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் ஒரு பூட்டுப் போட்டு வைத்திருக்கிறான். அந்தப் பூட்டைப் பற்றி நாம்தான் கேட்பதே இல்லை!

இந்தச் 'சந்தேகம்' என்ற சொல்லுக்கு உலகம் முழுவதும் பொருள் சொல்லிக்கொண்டிருப்பது நம் நாட்டு வழக்கு ஒன்று என்பது பலருக்குத் தெரியாது. அதுவும் ஒரு லாரி வழக்கு. 1965 ஜூலை மாதம். மரம் ஏற்றிவந்த லாரியிலிருந்து ஒரு கட்டை உருண்டு எதிரே வந்த காடியில் மோதியது. காடியில் இருந்த ஒருவர் இறந்துபோனார். லாரி நிற்கவில்லை. போலீஸ் ஒரு லாரியைத் தேடிப் பிடித்து அதில் இருந்த இரண்டு பேரைக் கைது செய்தது. எங்களைப் பிடித்தது சட்டவிரோதம் என்று அவர்கள் வழக்குப் போட்டார்கள். கூட்டரசு நீதிமன்றத்தில் வென்றார்கள். போலீஸ் அப்போது நம் மேல்முறையீட்டுக்கு இறுதி இடமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. 1969இல் டெவ்லின் பிரபு எழுதிய தீர்ப்பு போலீஸ் பக்கம் போனது. ஷாபான் எதிர் சோங் ஃபூக் காம் என்று வழக்கறிஞர்கள் சொல்வார்கள்.

போலீஸ் வென்ற வழக்கை இவன் ஏன் நமக்குச் சொல்கிறான் என்று நினைக்கலாம். அந்தத் தீர்ப்பு இரண்டு பக்கமும் வெட்டும். சந்தேகம் என்பது நிரூபணம் அல்ல, விசாரணையின் தொடக்கத்தில் வருவது, நிரூபணம் முடிவில் வருவது என்று அது சொன்னது. ஆகவே "நிரூபித்துவிட்டு என் காடியைத் தொடு" என்று சாலையோரத்தில் நாம் சொல்ல முடியாது. அதே நேரத்தில் கைது செய்ய அதிகாரம் இருக்கிறது என்பதற்காக எப்போதும் அதைப் பயன்படுத்த வேண்டும் என்பதில்லை என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. இன்னொன்றைப் பாருங்கள். அங்கே சந்தேகம் எதன் மீது நின்றது? ஒரு மனிதர் செத்திருக்கிறார். கட்டை கிடக்கிறது. மரம் ஏற்றிய லாரி ஒன்று நிற்காமல் போயிருக்கிறது. நடந்த ஒரு செயலின் மேல் நின்றது, லாரியில் இருந்தவர்கள் யார், எந்த இனம் என்பதன் மேல் அல்ல.

இப்போது இரண்டு போன் அழைப்புகளை நினைத்துப் பாருங்கள். முதலாமவர் 999க்குக் கூப்பிடுகிறார். "கூட்டரசு நெடுஞ்சாலை, கிள்ளான் நோக்கிப் போகிற பக்கம், வெள்ளை ஹைலக்ஸ், எண் இது. இப்போதுதான் என்னை இடிக்க வந்தது, தடம் மாறி மாறிப் போகிறது" என்கிறார். என்ன நடந்தது, எங்கே, எப்போது, யார் பார்த்தது, எல்லாம் அதில் இருக்கிறது. அந்த வண்டியை நிறுத்தப் போலீசுக்கு முழு உரிமை உண்டு. ஓட்டுநரிடம் மதுவாடை வந்தால் சீருடையில் இருப்பவர் மூச்சுச் சோதனைக்கும் சொல்லலாம், மறுத்தால் அதுவே குற்றம். 2020 அக்டோபரில் மது அளவின் வரம்பை 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராமிலிருந்து 50ஆகக் குறைத்தார்கள். இந்த விஷயத்தில் நான் போலீஸ் பக்கம்தான். குடித்துவிட்டு ஓட்டுகிறவன் நம் இனமாக இருந்தாலும் நிறுத்தப்பட வேண்டியவனே.

இரண்டாமவர் கூப்பிடுகிறார். "எங்கள் தாமானில் ஒரு காடி நிற்கிறது, உள்ளே இந்தியர்கள்." இதில் செயல் எங்கே? குற்றம் எங்கே? காடிக்குள் உட்காருவது எந்தச் சட்டத்தில் குற்றம்? போலீஸ் வந்து பார்க்கலாம். பேச்சுக் கொடுக்கலாம். லைசன் கேட்கலாம். அதோடு சரி. பூட்டைத் திறக்கவும் பையன்களைக் குந்த வைக்கவும் அந்த போன் அழைப்பு மட்டும் நியாயமான காரணம் ஆகாது என்பது என் கருத்து. சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆவது பிரிவு சொல்கிறது. தோல் நிறம் சந்தேகத்துக்கு ஆதாரம் ஆகிவிட்டால் அந்தப் பிரிவு வெறும் காகிதம்.

பெயர் சொல்லாத புகாரைப் பற்றி மிக நேராகப் பேசிய இரண்டு தீர்ப்புகள் அமெரிக்க உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்தவை. அவை நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. இருந்தாலும் யோசிக்க உதவும். 2000ஆம் ஆண்டு வழக்கில், பேருந்து நிறுத்தத்தில் கட்டம் போட்ட சட்டை அணிந்த கறுப்பின இளைஞன் துப்பாக்கி வைத்திருக்கிறான் என்று யாரோ பெயர் சொல்லாமல் போன் செய்தார். போலீஸ் போய்ச் சோதித்தது. துப்பாக்கி உண்மையாகவே இருந்தது! ஆனாலும் சோதனை செல்லாது என்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். ஆள் எப்படி இருப்பான் என்று சரியாகச் சொல்வதால் அவன் குற்றம் செய்கிறான் என்பது உறுதியாகிவிடாது என்பதுதான் காரணம். 2014இல் வந்த இன்னொரு வழக்கில், ஒரு பிக்கப் வண்டி தன்னைச் சாலையை விட்டே தள்ளிவிட்டது என்று கலிபோர்னியாவில் ஒருவர் அவசர எண்ணுக்குச் சொன்னார். போலீஸ் அந்த வண்டியைப் பின்தொடர்ந்தது. அப்போது அது ஒழுங்காகத்தான் போனது. இருந்தும் நிறுத்தியது சரி என்று தீர்ப்பு வந்தது, ஆனால் ஐந்துக்கு நான்கு. அவர் கண்ணால் கண்ட செயலை, கண்டவுடனே சொன்னார் என்பதுதான் வேறுபாடு. நான்கு நீதிபதிகளுக்கு அதுவும் போதவில்லை.

இனிமேல் சொல்வது கொஞ்சம் கசக்கும். நாமும் புகார் செய்கிறவர்கள்தான். நம் தாமான் வாட்ஸ்அப் குழுக்களில் என்ன வருகிறது? "கறுப்புக் காடி, உள்ளே பங்களாதேஷ்காரன் ரெண்டு பேர், எல்லாரும் உஷார்." அடுத்த ஐந்து நிமிடத்தில் அந்த எண்பட்டையின் படம் இருபது குழுக்களுக்குப் போய்விடுகிறது. அவர்கள் வீடு தேடி வந்தவர்களா, வேலைக்கு வந்தவர்களா என்று யாருக்கும் தெரியாது. என் அக்காள் மகனுக்கு நடந்ததை நாம் வேறொருவனின் அக்காள் மகனுக்குச் செய்கிறோம். போன மாதம் ஒரு குழுவில் இதைச் சொன்னேன். என்னை நீக்கிவிட்டார்கள்!

புகார் செய்யாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. திருட்டு நடக்கிறது, பறிமுதல் நடக்கிறது, போதையில் ஓட்டுகிறார்கள். கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் கண்டதைச் சொல்லுங்கள். கேட்டை ஏறிக் குதித்தானா, கதவை நெம்பினானா, யாரையாவது இடித்துவிட்டு ஓடினானா, அதைச் சொல்லுங்கள். எண், நேரம், போன திசை சொல்லுங்கள். முடிந்தால் உங்கள் பெயரையும் சொல்லுங்கள். பெயரோடு வருகிற புகாருக்குத்தான் எடை. காடியில் கேமரா இருந்தால் பதிவை அழிக்காமல் வையுங்கள். பொய்யென்று தெரிந்தே புகார் கொடுப்பது தண்டனைச் சட்டத்தொகுப்பின் 182ஆவது பிரிவின் கீழ் குற்றம், சிறைக்கும் போகலாம். பக்கத்து வீட்டுச் சண்டையில் போலீசை இழுப்பவர்கள் இதை நினைவில் வைக்கட்டும்.

சரி, நிறுத்திவிட்டார்கள். நீங்கள் என்ன செய்வது?

ஓடாதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். 2010 ஏப்ரலில் ஷா ஆலாமில், நிற்காமல் போன காடியைத் துரத்திப் போலீஸ் சுட்டதில் அமினுல்ரஷிட் என்ற 14 வயது மாணவன் செத்துப்போனான். மலாய்க்காரப் பிள்ளை. சுட்ட போலீஸ்காரருக்கு 2011இல் சிறைத்தண்டனை விதித்தார்கள், 2012இல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. பிள்ளை திரும்பி வரவில்லை. நிறுத்தியது நியாயமா இல்லையா என்பதைச் சாலையில் தீர்க்க முடியாது. கை காட்டியும் நிற்காமல் போவது தனிக் குற்றம். அதுவரை இல்லாத சந்தேகத்தை நீங்களே உண்டாக்கிக் கொடுத்தது போலாகும்.

நிறுத்துங்கள். உள்விளக்கைப் போடுங்கள். கை தெரிகிற மாதிரி வையுங்கள். சாதாரண உடையில் வந்திருந்தால் அதிகார அட்டையைக் கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நீல அட்டை இன்ஸ்பெக்டரும் அதற்கு மேலும். மஞ்சள் அதற்குக் கீழ். வெள்ளை துணைப் போலீஸ் சேமப்படை. சிவப்பு என்றால் வேலை இடைநீக்கம் செய்யப்பட்டவர், அவருக்கு உங்களிடம் எதையும் கேட்க அதிகாரம் இல்லை. வழக்கறிஞர் மன்றத்தின் சிவப்புப் புத்தகத்தில் இதெல்லாம் இருக்கிறது.

பெயர், ஐசி எண், முகவரி சொல்லுங்கள். பிறகு மரியாதையாக இரண்டு கேள்வி. "அப்பா கெசாலாஹான் சாயா, துவான்?" என் தவறு என்ன என்று. "சாயா டித்தாங்காப் கா?" என்னைக் கைது செய்கிறீர்களா என்று. கைது இல்லை என்றால் போகலாமா என்று கேளுங்கள். கைது என்றால் அதற்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்ல விட வேண்டும். 2007இல் நடப்புக்கு வந்த 28ஏ பிரிவு அது. இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்று கவலைப்பட வேண்டாம், தேசிய சட்ட உதவி அறநிறுவனம் 2012 முதல் கைது, தடுப்புக்காவல் நேரத்தில் மலேசியர்களுக்கு இலவசமாக வழக்கறிஞரை அனுப்புகிறது.

காடியைச் சோதிக்கிறேன் என்றால் மல்லுக்கட்டாதீர்கள். "எதற்காகச் சந்தேகம், துவான்?" என்று ஒருமுறை கேளுங்கள், பதிலை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள், கூடவே நின்று பாருங்கள். பெண்ணின் உடலைச் சோதிப்பதாக இருந்தால் பெண் போலீஸ்தான் செய்ய வேண்டும், கண்ணியத்தோடு செய்ய வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. அப்புறம் 'கோப்பிக் காசு'... கொடுக்காதீர்கள். கொடுத்தவனும் குற்றவாளி. அதைவிட, கொடுத்த பிறகு நீங்கள் எந்தப் புகாரும் செய்ய முடியாது.

வீட்டுக்கு வந்ததும் எழுதுங்கள். நாளைக்கு என்று வைக்காதீர்கள். நேரம், இடம், ரோந்துக் காடியின் எண், சட்டையில் இருந்த பெயர், சொன்ன வார்த்தை. எந்தப் பாலாயிலும் ரிப்போர்ட் கொடுக்கலாம், "எங்கள் வட்டாரம் இல்லை" என்று திருப்பி அனுப்ப முடியாது. எழுதியதை உங்களுக்கு வாசித்துக்காட்ட வேண்டும். நகல் வாங்காமல் வராதீர்கள். போலீஸ் மீதான புகார்களுக்கு 2023 ஜூலை 1 முதல் சுயேச்சைப் போலீஸ் நடத்தை ஆணையம் இயங்குகிறது. அதனால் நேரடியாகத் தண்டிக்க முடியாது, மேலிடத்துக்குப் பரிந்துரைக்கத்தான் முடியும். 2005இல் அரச ஆணையம் கேட்டது இதைவிடப் பலமான ஒன்றை. இருந்தாலும் எழுதிப் போடுங்கள். எழுதப்படாத புகார் எந்தக் கணக்கிலும் வராது. சுஹாக்காமுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். சட்டவிரோதத் தடுப்பு என்று வழக்குப் போடுவதாக இருந்தால் முப்பத்தாறு மாதத்துக்குள் போட வேண்டும்.

என் அக்காள் மகனோடு மறுநாள் நான்தான் பாலாய்க்குப் போனேன். முகப்பில் இருந்தவர் இளம் வயது. "அடித்தார்களா? ஏதாவது காணாமல் போனதா? அப்புறம் எதற்கு ரிப்போர்ட்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. "என்ன குற்றத்தைச் சந்தேகித்துப் பூட்டைத் திறந்தார்கள் என்று நாங்கள் தெரிந்துகொள்ள விரும்புகிறோம். அதை அப்படியே எழுதுங்கள்" என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டுத் தட்டச்சு செய்தார். ஒன்றரைப் பக்கம். பையன் இரண்டு முறை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான். ஒன்றரை மாதம் கழித்து ஓர் அதிகாரி கூப்பிட்டு வாக்குமூலம் வாங்கினார். அதற்கு மேல் இன்னும் ஒன்றும் இல்லை. நான் விடவில்லை. விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று ரிப்போர்ட் கொடுத்தவர் கேட்க 107ஏ பிரிவு உரிமை தருகிறது. அந்தக் கடிதத்தையும் எழுதிப் போட்டிருக்கிறோம்.

அந்தக் கடிதத்தின் மாதிரியும் அட்டை நிறங்களின் பட்டியலும் பின் மேசையில் இருக்கின்றன. எடுத்துக்கொள்ளுங்கள், காடியில் வையுங்கள். யாருக்காவது இப்படி நடந்து இன்னும் ரிப்போர்ட் செய்யாமல் இருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். மலாயில் எழுத வராது என்று கூச்சப்பட வேண்டாம், நானே எழுதித் தருகிறேன். ஒன்பது மணிக்கு மண்டபத்தைப் பூட்டுவார்கள், அதுவரை இங்கேதான் இருப்பேன்.